மின்சாரம் திரும்பும் வரிசையில் பம்ப்செட் எங்கே நிற்கிறது?

ஆடியில் மேட்டூர் நிரம்பி வெள்ளம் வந்தாலும் சரி, ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்தாலும் சரி, அடுத்த இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். 'டவுனுக்கு அன்றைக்கே கரண்ட் வந்துவிட்டது. எங்கள் மோட்டார் லைனுக்கு மட்டும் ஏன் பத்து நாள்?'

வயர்மேனைப் பிடித்துச் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த வரிசை அவர் போட்டது அல்ல. புயலும் வெள்ளமும் வருவதற்குப் பல மாதம் முன்பே, எந்த லைனை முதலில் நிறுத்துவது, எதை முதலில் கொடுப்பது என்று திட்டமிடுவதற்கே அரசில் ஆட்கள் இருக்கிறார்கள். மின்வாரியத்தில் இருக்கிறார்கள், கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறார்கள், சென்னையில் 24 மணி நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வேலை என்ன, அதில் நம் பம்ப்செட்டுக்கு என்ன இடம் என்று தெரிந்துகொண்டால், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம்.

ஆறு தாண்டி வரும் மின்சாரம்

திருச்சியை எடுத்துக்கொள்வோம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கல்லணைப் பக்கம் போய் மறுபடி நெருங்குகின்றன. நடுவில் கிடப்பது ஸ்ரீரங்கம் தீவு. ரங்கநாதர் கோயில், திருவானைக்காவல், அப்படியே கிழக்கே திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழையும் நெல்லும். பாலங்கள் வந்தபிறகு அது தீவு என்பதே நமக்கு மறந்துவிட்டது. மின்வாரியத்துக்கு மறக்க முடியாது. உள்ளே வரும் பெரிய லைன் எதுவானாலும் காவிரியைத் தாண்ட வேண்டும், இல்லை கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். அதற்கான கோபுரம் ஆற்று மணலில்தான் நிற்கும்.

ஆற்று மணல் எப்படிப்பட்டது என்று கரையோர விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-ல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-ல் கட்டிய அணை அது. பிறகு 2024. ஜூலை 30-ம் தேதி மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் உபரி நீர் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் வந்தது. கொள்ளிடம் பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் அடி அரித்துச் சாய்ந்தது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் பெரிய லைன்களைத் திட்டமிடும் இன்ஜினீயர்களுக்கு ஒரு பாலபாடம் இருக்கிறது. எந்த ஒரு லைன் போனாலும், எந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனாலும், மீதியுள்ளவை சுமையைத் தாங்க வேண்டும். ஊருக்கு வர இரண்டு ரோடு இருந்தால் ஒன்றில் மரம் விழுந்தாலும் பஸ் வருமே, அதைப்போல. துணை மின்நிலையம் வரைக்கும் ஓரளவுக்கு இந்த ஏற்பாடு இருக்கும்.

வயல்காட்டுக்கு வரும் 11 கே.வி. பீடருக்கு அது கிடையாது. துணை மின்நிலையத்தில் புறப்பட்டு, மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து, கடைசி டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்துவிடும். நடுவில் ஒரு தென்னை விழுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. வேறு வழியில் கொடுக்க லைனே இல்லை. 'டவுனுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை' என்பதற்கு முதல் காரணம் இது. ஓரவஞ்சனை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வெள்ளத்தில் ஒரு சௌகரியம், அது சொல்லிவிட்டு வரும். மேட்டூரில் மதகு திறந்தால் முக்கொம்புக்குத் தண்ணீர் வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நீர்வளத் துறை, வருவாய்த் துறை, மின்வாரியம் மூன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தாழ்வான இடத்து டிரான்ஸ்ஃபார்மர்கள் எவை என்ற பட்டியல் பிரிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஏ.பி. சுவிட்சைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்துவிடுவார்கள். ஆற்றோர மோட்டார் லைன்கள் முதலில் நிறுத்தப்படுவது இதனால்தான். ஸ்டார்ட்டர் பெட்டி முழுகிய பிறகும் அதில் மின்சாரம் இருந்தால், பக்கத்தில் இறங்குகிற ஆளோ மாடோ பிழைக்காது.

யார் கையில் இருக்கிறது?

2005-ல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு ஆணையம் உண்டு. தலைவர் கலெக்டர். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் எழுதி, புதுப்பிக்க வேண்டும். எந்த ஊர் முழுகும், மக்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பது, எந்தத் துறை என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் கலெக்டர் அலுவலக இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். பொறுமையாகத் தேடினால் உங்கள் ஊர்ப் பெயர் கிடைக்கலாம்.

மின்வாரியத்தின் பங்கு இதில் பெரிது. மழைக்காலத்துக்கு முன் மரக்கிளை வெட்டுவது, தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவது, மின்கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை ஸ்டோரில் இருப்பு வைப்பது, கிரேன், பொக்லைன் யாரிடம் வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது. பேப்பரில் படிக்கச் சாதாரணமாகத் தெரியும். புயல் அடித்த மறுநாள் காலையில் ஸ்டோரில் கம்பம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் பத்து நாளை ஐந்து நாள் ஆக்கும், இல்லை முப்பது நாள் ஆக்கும்.

இதற்கெல்லாம் மேலே சென்னையில் மாநில மின்சுமை அனுப்பும் மையம் இருக்கிறது. அதற்கும் மேலே தென் மாநிலங்களுக்கெல்லாம் பெங்களூருவில் ஒரு மையம். இங்கே வேலை செய்யும் இன்ஜினீயர் ஒரு கம்பத்தைக்கூடத் தொடுவதில்லை. ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, 96 கூறுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கூறிலும் மாநிலத்துக்கு எவ்வளவு தேவைப்படும், எங்கிருந்து எடுப்பது என்று முதல் நாளே கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு. டெல்டாவில் நல்ல மழை பெய்தால் பம்ப்செட்டுகள் நின்று தேவை மளமளவென்று இறங்கும். கோடையில் ஏறும். 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது.

மின்சாரத்தை நெல் மாதிரிக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. நிலக்கரியாக வைக்கலாம், அணைத் தண்ணீராக வைக்கலாம். நம் மாநில அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் இருந்து நிலக்கரி வருகிறது. ரயிலில் பாரதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர், தூத்துக்குடி. இந்தச் சங்கிலியில் எங்கே தடங்கல் வந்தாலும் சில நாளில் இங்கே தெரியும். 2021 அக்டோபரில் நாட்டின் பல அனல்மின் நிலையங்களில் சில நாளுக்கான நிலக்கரிதான் கையிருப்பு என்று செய்தி வந்ததே, அப்போது இந்தத் துறைக்காரர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

50 என்ற எண்

சுமை மையத்தின் திரையில் பெரிதாகத் தெரியும் எண் ஒன்று உண்டு. 50. அதுதான் மின்சாரத்தின் அலைவெண். உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால் 50-ல் நிற்கும். தேவை கூடினால் இறங்கும். ஏற்றத்தில் கூடுதல் பாரம் ஏற்றிய வண்டி மாடு நடை தளர்வது மாதிரி. ரொம்பவும் தளர்ந்தால் மின்நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பிறகு மொத்தமும் விழும்.

2012 ஜூலை 30-ம் தேதி வட மாநிலங்களில் அதுதான் நடந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கும் பகுதி இருண்டது. தமிழ்நாடு தப்பியது. தென்னக மின்தொகுப்பு அன்றைக்கு மற்றவற்றோடு ஒரே ஓட்டமாக இணைக்கப்படாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர், சோலாப்பூர் இடையே லைன் போட்டு இணைத்துவிட்டார்கள். இப்போது இந்தியா முழுக்க ஒரே தொகுப்பு. காற்றாலை ஓடாத நாளில் வடக்கே இருந்து வாங்கலாம். அதே சமயம், எங்கோ விழுந்தால் இங்கேயும் ஆடும்.

அப்படி ஆடும்போது மொத்தமும் விழாமல் இருக்கச் சில பீடர்களைத் தானாகவே வெட்டிவிடும் ரிலேக்கள் துணை மின்நிலையங்களில் உண்டு. எண் 49-ஐ ஒட்டிய அளவுகளுக்கு இறங்கினால் படிப்படியாக வெட்டும். யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம், போன் செய்ய வேண்டாம். இந்த ரிலே எந்தப் பீடரில் இருக்கிறது என்பதும் முன்கூட்டியே முடிவு செய்ததுதான். ஆஸ்பத்திரி, ரயில்வே பீடரில் வைக்க மாட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முன்யோசனை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, எல்லோரும் மறந்துபோன ஒரு ராத்திரியைச் சொல்லலாம். 2020 ஏப்ரல் 5, இரவு 9 மணி. கொரோனா ஊரடங்கில் நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கை அணைத்தோம். நமக்கு அது அகல் விளக்கு ஏற்றும் நேரம். மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்த நேரம். 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை தேவை குறையும் என்று கணித்திருந்தார்கள். குறைந்தது 31,000 மெகாவாட். கணிப்பைவிட இரண்டு மடங்கு. ஆனாலும் தொகுப்பு விழவில்லை. நீர்மின் நிலையங்களைத் தயாராக ஓட்டி வைத்திருந்து, நிமிடக் கணக்கில் இறக்கி, பின் ஏற்றினார்கள். அனல்மின் நிலையத்தை அப்படி இறக்கி ஏற்ற முடியாது. அணையில் தண்ணீர் இருப்பது பாசனத்துக்கு மட்டும் காப்பு என்று நினைக்கிறோம். விளக்குக்கும் அதுதான் காப்பு. மொத்தமும் விழுந்த பிறகு முதலில் எழுப்பப்படுவதும் நீர்மின் நிலையம்தான். மதகைத் திறக்கவும் எந்திரத்தைத் துவக்கவும் சிறிய டீசல் ஜெனரேட்டர் போதும். அங்கே பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோய்த்தான் அனல்மின் நிலையத்தைத் துவக்க வேண்டும்.

திரும்பும் வரிசை

இனி நம் கேள்விக்கு வருவோம். பெரிய சேதத்துக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் வரிசை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் துணை மின்நிலையங்கள். பிறகு ஆஸ்பத்திரி, குடிநீர் நீரேற்று நிலையம், ரயில்வே, தொலைத்தொடர்பு. பிறகு நகரம். பிறகு கிராமத்து வீடுகள், தெரு விளக்கு. கடைசியாகத்தான் விவசாய மின் இணைப்பு.

குடிநீர் இவ்வளவு மேலே இருப்பதற்குத் திருச்சியில் வலுவான நியாயம் உண்டு. நகரத்துக்கான நீர் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைக் கிணறுகளில் இருந்துதான் ஏற்றப்படுகிறது. அது மட்டுமல்ல. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் திருச்சி அருகே காவிரியில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். இங்கே ஆற்றங்கரையில் மோட்டார் நின்றால், அங்கே கமுதிப் பக்கம் குடம் காலியாக இருக்கும். இந்த வரிசையில் குடிநீருக்கு முன்னால் நம் மோட்டாரை வை என்று எந்த விவசாயியும் கேட்க மாட்டார்.

வரிசை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை 2018 காட்டியது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுவிட்டு மேற்கே போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. எல்லா மாவட்டங்களில் இருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். கேரளாவில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வந்தார்கள். நகரங்களுக்குச் சில நாளில் மின்சாரம் வந்தது. உள்கிராமங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. வயல் இணைப்புகள் அதற்கும் பிறகு. சேற்று வயலில் லாரி இறங்காது என்பதால் ஊர்க்காரர்களே கம்பத்தைத் தோளில் சுமந்து கொண்டுபோனார்கள். மறுசீரமைப்பு வேலையில் உயிரை விட்ட ஊழியர்களும் உண்டு.

கஜாவின்போது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையே விழுந்துவிட்டது. அங்கே மோட்டாருக்கு மின்சாரம் அன்றே வந்திருந்தாலும் பாய்ச்ச மரம் இல்லை. ஆனால் ஆற்று வெள்ளத்தில் நிலைமை வேறு. வெள்ளம் வடிந்தபின் வயலில் நிற்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். வாழைக்கு வேரில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றால் கிழங்கு அழுகும். ஒரு வருட உழைப்பு, கடன், எல்லாம் அந்த நான்கைந்து நாளில்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கம் தீவிலும் அந்தநல்லூர், லால்குடி பக்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழைதான் சோறு. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மாவட்டத்தில், வடிகால் இறைப்பையும் சாதாரணப் பாசனத்தையும் 'விவசாயம்' என்று ஒரே பெட்டிக்குள் போட்டுக் கடைசியில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. பால் குளிரூட்டும் நிலையமும் அப்படித்தான். ஆஸ்பத்திரியோடு போட்டி வேண்டாம். ஆனால் ஊர்த் தெருவிளக்குக்கு முன்னால் வைக்கலாம்.

வரிசையை மாற்ற முடியாது என்பதில்லை. 2012-ல் மாற்றினார்கள். மாவட்டங்களில் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம் அது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை போடும் டெல்டா விவசாயிகளுக்கு 12 மணி நேர மும்முனை மின்சாரம் தரப்படும் என்று அரசு குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் அறிவித்தது. ஆற்றில் இல்லாத தண்ணீரை மின்சாரத்தால் ஈடுகட்டிய ஏற்பாடு. திட்டமிடுபவர்கள் நினைத்தால் பம்ப்செட்டை மேலே கொண்டுவர முடியும் என்பதற்கு இது போதும்.

கேட்க வேண்டிய இடம் மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். கேட்க வேண்டிய காலம் வெள்ளத்துக்குப் பிறகு அல்ல. பங்குனி, சித்திரையிலேயே கேளுங்கள். 'எங்கள் ஊர் மோட்டார் லைன் எந்தப் பீடரில் வருகிறது? அதில் தாழ்வான டிரான்ஸ்ஃபார்மர் எது? அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் மேடையில் ஏற்ற முடியுமா? வடிகால் மோட்டார் உள்ள லைனை முன்னதாகத் தர மாவட்டத் திட்டத்தில் எழுதுவீர்களா?' இப்படி எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் பதில் வாங்கலாம். 'கரண்ட் சரியா வரலைங்க' என்று பொதுவாகச் சொன்னால், 'சரி பண்ணிடுறோம்' என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும்.

நம் பக்கம் ஒரு வேலை

லைன் சரியாகி மின்சாரம் கொடுத்ததும் ஐந்து நிமிடத்தில் மறுபடி போய்விடுகிறதா? வயர்மேன் மேல் கோபம் வரும். பல நேரம் காரணம் நம் ஆட்டோ ஸ்டார்ட்டர்தான். மின்சாரம் வந்த அதே நொடியில் பீடரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாகத் துவங்குகின்றன. 5 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது தரும் திறன் ஏறக்குறைய 3.7 கிலோவாட். நேரடியாகத் துவங்கும்போது இழுக்கும் ஆம்பியர் ஐந்தாறு மடங்கு. ஒரு பீடரில் நூறு மோட்டார் ஒரே நொடியில் இப்படி இழுத்தால் துணை மின்நிலையத்தில் பிரேக்கர் டிரிப் ஆகத்தான் செய்யும். அவர்கள் மறுபடி போடுவார்கள். நம் ஸ்டார்ட்டர்கள் மறுபடி ஒன்றாக எழும்.

தீர்வு செலவில்லாதது. ஆட்டோ ஸ்டார்ட்டரில் தாமத நேரம் வைக்கும் வசதி இருக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள பத்துப் பேர் பேசி, ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். பெரிய சேதத்துக்குப் பிந்தைய நாட்களில் ஆட்டோவையே நிறுத்திவிட்டுக் கையால் போடுவது இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு இந்த வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வரி. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குக் களப்பணியாளர், இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு உதவி மின்பொறியாளர் என்று மின்வாரியத்தில் நுழைவாயில்கள் உண்டு. 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தத் தேர்வுகளை டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. புயல் ராத்திரியில் வீட்டில் இருக்க முடியாத வேலை என்பதைச் சொல்லியே அனுப்புங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ளத்தில் மோட்டார் கொட்டகை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் மோட்டாரைப் போடலாமா?

போடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஃபியூஸ் கேரியரைக் கழற்றி வையுங்கள். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால் தொடாமல் வயர்மேனைக் கூப்பிடுங்கள். தரைமட்ட மோட்டாரானால் மெக்கானிக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயவைத்து, மெக்கரில் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓம் அளவுக்காவது காட்டாமல் மின்சாரம் கொடுத்தால் காயில் எரிந்துவிடும். நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை. அதற்கும் மேலே இருக்கும் ஸ்டார்ட்டர், கெபாசிட்டர், கேபிள் இணைப்பு ஆகியவை காய வேண்டும். அடுத்த தடவை பெட்டியை 2024 வெள்ளம் ஏறிய உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். சுவரில் அந்தத் தடம் இன்னும் தெரியும்.

கேள்வி: வயலில் கம்பி அறுந்து கிடக்கிறது. கரண்ட் இல்லாத கம்பியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களால் தெரிந்துகொள்ள முடியாது. 11 கே.வி. கம்பி காய்ந்த மண்ணில் விழுந்தால் டிரிப் ஆகாமல் உயிரோடு கிடக்கவும் வாய்ப்பு உண்டு. கம்பியைத் தொடாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள தரையில் மின்சாரம் பரவியிருக்கும். கால் அகட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையில் பாயும். மாடுகள் முதலில் சாவது அவற்றின் கால்களுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால்தான். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் கால்களை ஒட்டி வைத்து, தரையில் இருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலகி வாருங்கள். மற்றவர்கள் போகாமல் ஒருவரை நிறுத்திவிட்டு மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. மின் இணைப்பு எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்திருந்தால் இடத்தைச் சொல்வது சுலபம்.

கேள்வி: வீட்டு மாடியில் சோலார் போட்டிருக்கிறேன். கரண்ட் போனால் வெயில் அடிக்கும்போதே அதுவும் நின்றுவிடுகிறது. இது கோளாறா?

கோளாறு இல்லை. மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் தானாக நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. இல்லையென்றால் உங்கள் மாடி மின்சாரம் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறியிருப்பவரைக் கொல்லும். வயலில் லைனோடு சேராமல் தனியாக ஓடும் சோலார் பம்ப்செட்டுக்கு இந்தத் தடை இல்லை. தொகுப்பு விழுந்தாலும் வெயில் இருந்தால் ஓடும். வேளாண்மைப் பொறியியல் துறையில் 60 சதவீதம் தொடங்கி மானியம் உண்டு. அந்தந்த ஆண்டு விதிமுறையை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகைக்கு வாடகை ஜெனரேட்டர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் பிளக்கில் செருகி வீட்டு வயரிங்குக்குள் நேராக அனுப்பாதீர்கள். அது மீட்டர் வழியாக வெளியே போய் டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி, 11 கே.வி. லைனாக மாறிவிடும். நம் லைனைச் சரிசெய்ய எல்.சி. வாங்கிக்கொண்டு, மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் ஏறியவர் நம் ஜெனரேட்டரால் சாவார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். அதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தி, ஜெனரேட்டர் இருக்கிறது என்பதைப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வையுங்கள்.